பின்பக்கம் வைத்த பேசின்

குளத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. முதலாளிதான் போன் போட்டு, "அக்கா, இத்தனை வருஷம் தண்ணியில நின்னுட்டு இப்ப வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, புதுசா வந்தவங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்கலா" என்றார். நான் வீட்டில் சும்மா இருக்கவில்லை. செந்தூல் பிளாட்டில் எட்டாவது மாடி. லிப்ட் பாதி நாள் ஓடாது. பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தாலே எனக்கு ஒரு நாள் வேலை முடிந்த மாதிரிதான். இருந்தாலும் எழுதுகிறேன். முதலாளியிடம் முடியாது என்று சொல்லி நான் பழகவில்லை.

அல்லிக்கு எந்த மண், உர மாத்திரையை எவ்வளவு ஆழத்தில் அழுத்துவது, பம்பை எப்போது கழுவுவது என்பதெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது. போன வருஷம் நான்தான் ஒட்டினேன். அதை இங்கே மறுபடி எழுதி உங்களைத் தூங்க வைக்க எனக்கு ஆசை இல்லை. கிள்ளானில் ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டுக் குளத்தை ஒரு லோரி மண் கொண்டுவந்து மூடப் பார்த்தார்கள். அப்படி ஒரு நிலைமை வந்ததற்குக் காரணம் நான்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யார் யார் என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அது மைமூன் லாத்தாவின் வீடு. தமிழ் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் கணவருக்குத் துணிக்கடை. காலையில் போனால் கடை மூடித்தான் வருவார். மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்றார் கணவர். குளம் வேண்டும் என்றார் லாத்தா. அந்தக் கார் இன்றைக்கும் ரோட்டில்தான் நிற்கிறது.

அங்கே போன முதல் மாதமே நான் ஒரு கூத்து பண்ணினேன். புதுக் குளம், செடிகள் இன்னும் சின்னவை. தண்ணீர் பச்சைப் பயறு வேகவைத்தது போல் ஆகிவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு உறவுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று லாத்தா சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முழுத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். மூன்று நாள் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலாம் நாள் முன்னைவிடப் பச்சை. மறுபடியும் இறைக்க நான் ஹோஸைத் தூக்கிக்கொண்டு வந்தபோது லாத்தா அதன் மேல் காலை வைத்து நின்றார்.

"சரசு, தண்ணியை யாராச்சும் கழுவுவாங்களா? இலை வரட்டும், விடு."

"விருந்தாளிங்க வராங்களே லாத்தா?"

"வந்தா என்ன? பச்சைத் தண்ணி, எங்க வீட்டு ஸ்பெஷல்னு சொல்லிக்கிறேன்."

சொன்னபடியே சொன்னார். வந்தவர்களில் இரண்டு பேர் அதை நம்பி, தங்கள் வீட்டுக் குளத்துக்கும் அது வேண்டும் என்று கேட்டார்களாம். இலைகள் பெருகி, பாதிக் குளத்துக்கு மேல் நிழல் விழுந்ததும் தண்ணீர் தானாகத் தெளிந்தது. வேலை தெரிந்த எனக்கு இல்லாத பொறுமை, வேலையே தெரியாத அவருக்கு இருந்தது. அன்றே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு தினமும் காலை எட்டரைக்கு அவரிடமிருந்து போன் வரும். ஹலோ கிடையாது, நலமா கிடையாது. "இன்னிக்கு ஏழு" என்பார். வைத்துவிடுவார். அன்றைக்கு எத்தனை அல்லி திறந்திருக்கிறது என்ற கணக்கு அது. ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டார். ஒரு தடவை பல்லைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியில் கிடந்தேன். டாக்டரே போனை எடுத்து, "அஞ்சாம்" என்று என்னிடம் சொன்னார்.

லாத்தாவின் பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார், தமிழ்ப் பள்ளியில் வேலை. கணவர் தவறிப் பல வருஷம், ஒரே மகள் தர்ஷினி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். நோன்பு மாதத்தில் அந்தச் சுவர் மேல் கஞ்சிப் பாத்திரம் அந்தப் பக்கம் போகும்; தீபாவளிக்கு முறுக்கு டின் இந்தப் பக்கம் வரும். யாரும் யாருக்கும் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. தர்ஷினி ஏழு வயதிலிருந்து லாத்தாவின் குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்துதான் வீட்டுப் பாடம் எழுதுவாள். காலேஜுக்குப் போன பிறகும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வந்தாள். காற்று நன்றாக வருகிறதாம். லாத்தா கொண்டுவந்து வைக்கும் பலகாரமும் நன்றாகவே வந்தது.

அந்தக் குளத்தில் ஊதாப் பூ பூக்கிற ஓர் அல்லி உண்டு. நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். அதன் இலையின் நடுவில், காம்பு வந்து சேருகிற இடத்தில், ஒரு சின்னச் செடி முளைக்கும். குட்டி என்று நாம் சொல்வது அதைத்தான். லாத்தா அப்படிச் சொல்ல மாட்டார். "ஊதாக்காரி பிள்ளை போட்டிருக்கா, வந்து பாரு" என்பார். அந்த இலையை அறுத்து, ஆழமில்லாத தண்ணீரில் மிதக்கவிட்டால் குட்டி வேர் விடும். பிறகு தொட்டியில் நடலாம்.

டீச்சர் ஒரு நாள் சுவரில் சாய்ந்துகொண்டு, "சரசக்கா, எனக்கும் ஒரு குட்டி குடுங்களேன், போர்ட்டிகோவுல வைக்கிறேன்" என்று கேட்டார். அவ்வளவுதான், லாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நல்லதா பார்த்து வளர்த்துக் குடு சரசு, அவளுக்குக் குடுக்கிறது நோஞ்சானா இருக்கக் கூடாது" என்றார். நானும் நல்ல குட்டியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அகலமான ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டேன். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தையும் தாண்டி, தகரக் கூரையின் கீழ் வைத்தேன். அங்கே வெயில் அளவாக விழும். லாத்தாவுக்கு முட்டிவலி, படி இறங்கி அந்தப் பக்கம் வர மாட்டார்.

தண்ணீர் தேங்குகிற எதிலும் மீன் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். எனக்கும் தெரியும். நாலு கப்பி மீனை விட்டேன். அவை போய், நூல் மாதிரி வந்துகொண்டிருந்த வேரைக் கடிக்க ஆரம்பித்தன. டீச்சருக்குக் கொடுக்கப்போகிற குட்டி ஆயிற்றே என்று எனக்கு ஒரே கோபம். நாலையும் வலையில் அள்ளிக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டேன். மூன்றே நாள், வேர் கொஞ்சம் தடித்ததும் திரும்ப விடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் தீபாவளி விடுமுறை தொடங்கியது. அதை ஒட்டி செமினியில் என் தங்கை மகள் கல்யாணம். இரண்டு வாரம் லீவு. திரும்பி வந்ததும் முதலாளி என்னை ஷா ஆலத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு கொண்டோமினியத்தில் புதுக் குளம், ஒரு வாரம் அதிலேயே போனது. எனக்குப் பதிலாகக் கிள்ளானுக்கு எங்களோடு வேலை செய்த குணா போனான். அவனுக்கு நான் ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்திருந்தேன். எந்த அல்லிக்கு எப்போது உரம், எந்தப் பம்ப் முனகும், லாத்தா கொடுக்கிற தேநீரில் எவ்வளவு சர்க்கரை இருக்கும் என்றுகூட எழுதினேன். பேசினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது கம்பெனி வேலை இல்லையே! எனக்கும் லாத்தாவுக்கும் நடுவில் ஒரு சின்ன உபகாரம். அதை யாராவது தாளில் எழுதுவார்களா? எழுத வேண்டும். என்னிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால் இதுதான்: சம்பளத்துக்குச் செய்வது ஞாபகத்தில் நிற்கும், ஆசைக்குச் செய்வதுதான் நழுவும். அதை முதலில் எழுதுங்கள்.

லீவில் இருந்தபோதும் காலை போன் நிற்கவில்லை. கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை தாலி எடுக்கிற நேரம், "இன்னிக்கு ஒம்பது!" என்று லாத்தா கத்தினார். ஷா ஆலத்தில் இருந்த கடைசி மூன்று நாள்தான் போன் வரவில்லை. முதல் நாள் ஒரு நிம்மதி என்றுகூட நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மனசு கேட்காமல் நானே போட்டேன்.

"தர்ஷினிக்கு டெங்கி" என்றார் லாத்தா. "ஆஸ்பத்திரியில கிடக்குறா. பிளேட்லெட் இறங்கிட்டே போகுதாம்."

அவரே தொடர்ந்தார். அந்த வீட்டு வரிசை முழுக்கக் கொசுப் புகை அடித்துவிட்டார்களாம். நாளைக்குச் சுகாதார இலாகா ஆள்கள் வீடு வீடாக வந்து பார்க்கப்போகிறார்களாம். குளம் இருக்கிற வீடு எது என்று தெருவில் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

"டீச்சர் என்ன சொன்னாங்க லாத்தா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் சரசு. ஒண்ணுமே சொல்லல. மூணு நாளா கஞ்சி வச்சுக் குடுக்குறேன், 'வேணாம், ஆஸ்பத்திரியிலேயே குடுக்குறாங்க'ங்குறா. என் முகத்தைப் பார்க்காம போறா. அந்தப் பிள்ளை என் வீட்டுப் பெஞ்சுலதானே உக்காந்திருந்தா? நாளைக்கு லோரிக்குச் சொல்லிட்டேன். மண்ணைப் போட்டுக் குளத்தை மூடுறேன். நீ வந்து மீனையாச்சும் எடுத்துட்டுப் போ."

அவரிடம் வாதாட முடியாது. போனை வைத்துவிட்டார். பேசினைப் பற்றி அப்போதும் எனக்கு ஞாபகம் வரவில்லை. குளம் சுத்தம், எத்தனை மீன், எப்படிக் கொசு வரும் என்று லாத்தாவுக்கு நிரூபிக்க வேண்டும் என்ற வீராப்புதான் மனசு நிறைய இருந்தது.

காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். லாத்தா குளத்தங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூக்கள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. அவர் எண்ணவில்லை. பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்து, குளத்தின் நாலு மூலையிலும், இலைக்கு அடியிலும், கோரைக்கு நடுவிலும் தண்ணீர் மொண்டு மொண்டு காட்டினேன்.

"பாருங்க லாத்தா, ஒரு புழுவாச்சும் இருக்கா? இத்தனை மீனு இருக்கிற எடத்துல கொசு முட்டை போட்டா அதுங்களுக்கு விருந்து."

"மீனு தூங்கியிருந்தா?"

"மீனு எல்லாம் சேர்ந்து தூங்குமா லாத்தா?"

வேறு ஒரு நாள் என்றால் சிரித்திருப்பார். "எனக்குச் சட்டம் பேசாதே சரசு. அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா, இந்தத் தண்ணியைப் பார்த்துட்டு நான் எப்படி இங்க உக்காந்திருப்பேன்? இது இருந்தது போதும்" என்றார். பத்து வருஷத்துக்கு மேல் வளர்ந்த செடிகள். கார் நிறுத்தவே விட்டுக்கொடுக்காத குளம். அதை அவரே மூடப்போகிறார், யாரும் கேட்காமலே.

நான் கோபத்தோடு கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்தபோதுதான் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கறுப்பு பேசினைப் பார்த்தேன்.

குட்டி செழிப்பாக இருந்தது. நாலு இலை விட்டிருந்தது. வேர் கனமாக இறங்கியிருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் முழுக்கப் புழுக்கள் மேலும் கீழும் நெளிந்துகொண்டிருந்தன. எண்ண முடியாத அளவு. மூன்று நாள் என்று நினைத்து வைத்தது, மூன்று வாரத்துக்கும் மேலாகிவிட்டது.

பிறகு நான் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். காலை எடுத்து பேசினின் விளிம்பில் வைத்தேன். ஒரு தள்ளு தள்ளினால் போதும். வெயிலில் சிமெண்ட் தரை கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். குட்டியைக் குப்பையில் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது, லாத்தாவுக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. தள்ளிவிட்டுப் பிறகு சாவகாசமாக லாத்தாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு சமாதானம் வந்தது. எனக்கு என்னைத் தெரியும், சொல்லியிருக்க மாட்டேன்.

முன்பக்கம் லோரி ரிவர்ஸில் வருகிற சத்தம் கேட்டது. பீப் பீப் என்று அது கேட்டை நெருங்கி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை என்றால் அந்த மண் குளத்துக்குள் விழும். விழுந்த பிறகும் லாத்தா காலம் முழுக்கத் தன் குளம்தான் அந்தப் பிள்ளையைப் படுக்க வைத்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பயம் போகவில்லை. பயத்தோடேயே பேசினைத் தூக்கினேன். தண்ணீர் தளும்பி என் சட்டை முழுக்க நனைந்தது. கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன்.

"லாத்தா, குளம் இல்ல. நான்."

அவர் குனிந்து பார்த்தார். முதலில் குட்டியைத்தான் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

"மீனு எங்க?"

"வேரைக் கடிச்சுதுன்னு எடுத்துட்டேன். மூணு நாள்ல திரும்ப விடலாம்னு இருந்தேன். குணாகிட்டயும் சொல்லல. மறந்துட்டேன் லாத்தா."

கேட்டுக்கு வெளியே லோரிக்காரர் தலையை நீட்டி, "ஆன்டி, உள்ள கொட்டவா, வெளிய கொட்டவா? எனக்கு இன்னும் ரெண்டு டிரிப் இருக்குலா" என்றார்.

"ரோட்டோரமா கொட்டிட்டுப் போ தம்பி" என்றார் லாத்தா. பிறகு என்னிடம் திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. குரலில் இருந்தது கோபம்தான். "மூணு நாளா இந்தக் குளத்தை நான் திட்டாத திட்டு இல்ல சரசு. வாயில்லாததைப் போய்த் திட்டிட்டு உக்காந்திருக்கேன். நீ வாய் இருக்கிறவ, ஒரு வார்த்தை அந்தக் குணாகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் பேசினைக் கவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "தொடாதே. அவங்க வந்து பார்க்கட்டும். என் வீட்டுல இருந்ததை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

சுகாதார அதிகாரி ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். குளத்தில் எட்டு இடத்தில் தண்ணீர் எடுத்துப் பார்த்து, இங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டாள். பேசினில் இருந்து புழுக்களை உறிஞ்சி ஒரு சின்னக் குப்பியில் போட்டு மூடினாள். அபராதச் சம்மன் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும் என்றாள். லாத்தா முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான்தான் கேட்டேன், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதனால்தான் வந்ததா என்று. அவள் கொஞ்சம் யோசித்தாள். இதே வரிசையில் வேறு வீடுகளிலும் புழு கிடைத்திருக்கிறது, இதனால்தான் என்று சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்று மலாயில் பொறுமையாகச் சொன்னாள். அதற்குமேல் ஒரு பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அவள் போன பிறகு பேசின் தண்ணீரை வெயில் படுகிற மண்ணில் ஊற்றினோம். குட்டியைத் தூக்கி எறியப் போனேன். "அது என்ன பண்ணுச்சு?" என்று லாத்தா வாங்கிக் குளத்தில் விட்டார். "டீச்சர் குளிக்க வீட்டுக்கு வருவா. நீதான் சொல்லணும். நான் சொன்னா, உன்னைக் காட்டிக் குடுத்துத் தப்பிச்ச மாதிரி ஆகும்."

டீச்சர் இரண்டு மணிக்கு வந்தார். தலை கலைந்து, கண்ணெல்லாம் சிவந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தச் சாவி என்று தெரியாமல் நின்றார். நான் கேட்டருகே போய், சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். லாத்தாவின் குளத்தில் ஒன்றும் இல்லை, நான் பின்பக்கம் வைத்த பேசினில் இருந்தது, மீனை எடுத்துவிட்டு மறந்தது நான் என்றேன்.

"எதுக்கு வச்ச பேசின்?"

"உங்களுக்குக் குடுக்க வச்ச குட்டி டீச்சர்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "காலையில பிளேட்லெட் இன்னும் இறங்கிருச்சு. ரத்தம் ஏத்தலாமான்னு பேசிட்டு இருக்காங்க. இதை இப்ப ஏன் என்கிட்ட சொல்றீங்க? உங்க மனசு லேசாகுறதுக்கா?"

அக்கா என்ற சொல் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இப்போது இருக்கிறது. பாதி அதற்காகத்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, லாத்தா வீட்டைத் தாண்டும்போது டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நான் பஸ்ஸில் அழுதுகொண்டே செந்தூலுக்கு வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது.

"கஞ்சியை வாங்கிக்கிட்டா" என்றார் லாத்தா. வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாள் நான் வேலை செய்தேனா என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு வீட்டில் உர மாத்திரையைச் செடிக்கு வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எந்தச் சாமியையும் விடவில்லை, லாத்தாவிடம் சொல்லி அவர் தொழுகையிலும் ஓர் இடம் கேட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் காலை எட்டரைக்குப் போன் வந்தது. "ஏறுது" என்றார் லாத்தா. எது என்று கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் தர்ஷினி வீட்டுக்கு வந்தாள், கழுத்தெலும்பு தெரிய இளைத்துப்போய்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டினார், திட்ட வேண்டியதுதான். இனி அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்புகிறேன் என்று லாத்தாவுக்குப் போன் செய்தார். "வேற ஆளை அனுப்பினா அவங்க எங்க எதை மறப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. இவ மறந்த எடம் எனக்குத் தெரியும். இவளையே அனுப்புங்க" என்றாராம் லாத்தா.

சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. ரோட்டோரத்து மண் குவியல் அப்படியே கிடந்தது. அவர் கணவர் பாவம், காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். "மண் உன்னால வந்தது. நீயே அள்ளு" என்றார் லாத்தா. நாலு ஞாயிற்றுக்கிழமை வாளி வாளியாக அள்ளினேன். தொட்டி மண்ணை மீன் கிளறாமல் இருக்க மேலே மணல் பரப்புவோம் இல்லையா, லோரியில் வந்ததும் மணல் கலந்த மண்தான், அதைக் கழுவி மணலை எடுத்து ஒவ்வோர் அல்லித் தொட்டிக்கும் ஒரு கை போட்டேன். மிச்சத்தைச் சாக்கில் கட்டி வைத்துப் பல வருஷம் அதையே போட்டோம். குளத்தை மூட வந்த மண் குளத்துக்கே வேலை செய்தது.

டீச்சர் என்னோடு பேசவில்லை. லாத்தாவோடு பழையபடி சுவரில் சாய்ந்து பேசுவார். நான் தண்ணீரில் நின்றால் உள்ளே போய்விடுவார். தர்ஷினி மட்டும் பெஞ்சில் இருந்து கண்ணைக் காட்டுவாள். நான் போய் எதுவும் கேட்கவில்லை. மன்னிப்பை அவசரப்படுத்தக் கூடாது. ஹோஸின் மேல் கால் வைத்து நின்ற லாத்தா ஞாபகத்துக்கு வந்தார். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குளத்தில் பழுத்த இலை அறுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சரசக்கா" என்று குரல் கேட்டது. நிமிர்ந்தால் டீச்சர். சுவர் மேல் ஒரு புதுப் பீங்கான் தொட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் நிரப்பி.

"ஒரு குட்டி கேட்டிருந்தேனே. இன்னும் வரல."

அந்தப் பேசின் குட்டி இதற்குள் பெரிய செடியாகி, தானே ஒரு குட்டி போட்டிருந்தது. லாத்தா அதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார், ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு வந்து தொட்டியில் வைக்கப் போனேன். டீச்சர் தண்ணீருக்கு மேல் கையை வைத்து மறித்தார்.

"செடி அப்புறம். மொதல்ல மீனை விடுங்க."

வலையில் நாலு கப்பியைப் பிடித்து வந்து விட்டேன். அவர் குனிந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்த பிறகுதான் கையை எடுத்தார்.

மறுநாள் காலை எட்டரைக்கு லாத்தா போன் போட்டு, "இன்னிக்கு ஆறு" என்றார். போனைக் கீழே வைப்பதற்குள் இன்னொரு தடவை அடித்தது. இந்தத் தடவை டீச்சர்.

"நாலும் இருக்கு" என்றார்.